கரிசல் நாய்க்கு மரச்சீனி விளையில் என்ன வேலை?

மார்கழி பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்துத் தடிக்காரன்கோணம் பக்கத்துச் சாயாக்கடைகளில் பேச்சு பன்றியில் தொடங்கி நாயில் வந்து நிற்கும். போன மார்கழியிலும் அப்படித்தான். ஒருவர் கைப்பேசியை நீட்டினார். இருட்டில் நெற்றி விளக்குக் கட்டிய ஐந்தாறு இளைஞர்கள், கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிய ஏழெட்டு நாய்கள். நாய் எங்கே ஓடுகிறது என்பது ஒருவன் கையிலிருந்த திரையில் புள்ளி புள்ளியாக நகர்ந்தது. கடைசியில் பன்றியின் அலறல். எந்த ஊர் என்று தெரியவில்லை, பேசிய மொழியும் நம்முடையதில்லை. "இதுதாம் வே நமக்குச் சரி. தோட்டாவும் வேண்டாம், வெடி வச்ச அவுட்டுக்காயும் வேண்டாம். நாலு சிப்பிப்பாறைய வாங்கி விட்டா தை கழியறதுக்குள்ள பன்னி ஒழிஞ்சிரும்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பன்றியால் நொந்த விவசாயி மட்டும் இதைப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். நாட்டு நாய் வளர்ப்பவர்களும் இதையே சொல்கிறார்கள்: வேட்டை நாயை வேட்டைக்கு விடாவிட்டால் இனம் மங்கிப்போகும் என்று. பண்பாட்டுக் காவலர்களும் சொல்கிறார்கள்: ஜல்லிக்கட்டை மீட்டோம், இனி தை மாத நாய் வேட்டையை மீட்போம் என்று. மூன்று பேரும் வேறு வேறு வாசலில் நுழைந்து ஒரே திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். திண்ணை நிறைந்திருப்பதால் பேச்சும் நியாயமாகத்தான் இருக்கும் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

பன்றி மீது எனக்குப் பாசம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தாடகை மலை அடிவாரத்தில் எனக்கும் ஒரு விளை உண்டு. ஒரே ராத்திரியில் நாற்பது மூடு மரச்சீனியை, அதாவது மரவள்ளியை, பறிகொடுத்திருக்கிறேன். விடியற்காலம் போய்ப் பார்த்தால் கம்பெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஏர் உழுத மாதிரி மண் புரண்டிருக்கும். பாதி கடித்துப் போட்ட கிழங்கில் பால் இன்னும் ஈரமாக இருக்கும். தின்றது கால் பங்குதான், பாழாக்கியது முக்கால் பங்கு. ஏத்தன் வாழைக் கன்றை மூக்கால் நெம்பிக் கவிழ்த்துப்போட்டு அதன் கிழங்கை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும். அந்தக் காலைநேரத்தில் கையில் துப்பாக்கி இருந்தால் நானும் சுடத்தான் செய்வேன். ஆகவே விவசாயியின் கோபத்தோடு எனக்கு வழக்கில்லை. அந்தக் கோபத்தின் முதுகில் ஏறி வருகிற நாயோடுதான் வழக்கு.

முதலில் நாயைப் பார்ப்போம். சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் நாயும், அதன் உடன்பிறப்பு மாதிரியான கன்னியும் கரிசல் மண்ணின் பிள்ளைகள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் போனவர்களுக்கு அந்த நிலம் தெரியும். அறுவடை முடிந்த பருத்திக் காடு கண்ணுக்கு எட்டிய தூரம் வெறுமையாகக் கிடக்கும். நடுவே ஓர் உடைமரம், தூரத்தில் ஒரு காற்றாலை, அவ்வளவுதான். அங்கே புதரிலிருந்து முயல் கிளம்பினால் அரைக் கிலோமீட்டருக்கு அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்த வெட்டவெளிக்காகத்தான் இந்த நாய்க்கு நீண்ட கழுத்து, ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, சுண்டினால் ரத்தம் வரும்போல மெல்லிய தோல். இது மோப்பம் பிடித்து ஓடும் நாய் இல்லை, கண்ணால் ஓடும் நாய். இரையைப் பார்க்க வேண்டும், பார்த்த கணத்தில் பாய வேண்டும், ஓரிரு நிமிடங்களில் காரியம் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் அதற்கு மூச்சு முட்டும். உடம்பின் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் நாயின் உயிருக்கே ஆபத்து. நம் மார்கழியைக் குளிர்காலம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நாகர்கோவிலில் மார்கழி மத்தியானத்தில் விசிறி இல்லாமல் யார் தூங்குகிறார்கள்?

அந்த நாயைக் கொண்டுவந்து நம் நிலத்தில் விட்டால்? விளைக்கு விளை கள்ளிவேலி, முள்கம்பி, மதில். மரச்சீனி ஆள் உயரம். அதைத் தாண்டினால் வாழை, வாழையைத் தாண்டினால் ரப்பர், நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு, வீட்டை ஒட்டி இன்னொரு வீடு. குமரி மாவட்டத்தில் நூறு மீட்டர் தடையில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் ஒன்று வயலுக்குப் போக வேண்டும், இல்லை கடலுக்குப் போக வேண்டும். கண்ணால் ஓடும் நாய்க்கு இங்கே கண்ணைக் கட்டிவிட்ட கதைதான்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு கன்னிக் குட்டி வாங்கிவந்தேன். கருத்த உடம்பு, புருவத்தில் இரண்டு செம்பொட்டு. கருப்பன் என்று பெயர். ஒன்றரை வயதில் ஒரு தை மாத விடியலில் விளையோரம் முயல் ஒன்று கிளம்பியது. நான் ஏவவில்லை, தடுக்கவும் இல்லை. அந்தக் குற்றம் என்னுடையது. இரண்டே பாய்ச்சலில் கருப்பன் மரச்சீனிக்குள் மறைந்தான். பிறகு ஒரு "வள்" மட்டும் கேட்டது. போய்ப் பார்த்தால் முள்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறான். தோளிலிருந்து விலாவரை தோல் சட்டை கிழிந்த மாதிரித் திறந்து தொங்குகிறது. உள்ளே தசை பளபளவென்று தெரிகிறது, ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லை. முயல் எந்தப் பக்கம் போயிற்று என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது. 14 தையல். மருத்துவர் தையல் போட்டுக்கொண்டே "இந்தத் தோல வச்சுக்கிட்டு இவன் பன்னி பிடிப்பான்னு வேற சொல்லுவாங்க" என்றார். கம்பி வேலிக்கே இந்தக் கதி என்றால் கோரைப்பல்லுக்கு?

பன்றிக்கு நாயை விடுவதை ஒரு தொழிலாகவே செய்யும் நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் அது பெரிய பொழுதுபோக்கு. அங்கே இரண்டு வகை நாய்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று பன்றியைத் தேடி வளைத்துக் குரைத்து நிறுத்தும். இன்னொன்று பாய்ந்து காதைக் கவ்வி அமுக்கும். கவ்வும் நாய்க்கு மார்பிலும் கழுத்திலும் குண்டு துளைக்காத துணியில் கவசம் மாட்டுவார்கள். அர்ஜென்டினாவின் டோகோ நாய் பன்றி போன்ற பெரிய விலங்குகளைப் பிடித்து நிறுத்துவதற்கென்று உருவாக்கப்பட்டது. சாயாக்கடையில் நான் பார்த்த காணொளியிலும் சிப்பிப்பாறை ஒன்றுகூட இல்லை. தாடை பெருத்த கலப்பு நாய்கள்தான்.

நாய் வளர்ப்பு நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பன்றி வேட்டைக்கு அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு குளிர்காலத்தில் பத்து சிப்பிப்பாறை குடல் சரிந்து சாகும். மூன்றாவது குளிர்காலத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கன்னிப் பெட்டையைப் பிட்புல்லோடோ டோகோவோடோ இணை சேர்ப்பார். அந்தக் குட்டி பன்றியைப் பிடிக்கும். பிடித்த குட்டிக்கு விலை ஏறும். விலை ஏறியதும் எல்லாரும் அதையே செய்வார்கள். இனத்தைக் காப்பாற்றத்தான் வேட்டை என்று தொடங்கியவர்கள் பத்து வருஷத்தில் இனத்தின் ரத்தத்தையே கரைத்திருப்பார்கள். ராஜபாளையமும் கோம்பையும் அந்தக் காலத்தில் பன்றி வேட்டைக்குப் போன நாய்கள்தானே என்று கேட்பார்கள். போயிருக்கலாம். கூட ஈட்டியோடு இருபது ஆள் போனான், நாய் செத்தால் அடுத்த ஈற்றுக் குட்டி இருந்தது, ஜமீனுக்குக் கணக்குக் கிடையாது. இன்று ஒரு ராஜபாளையம் குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி மெத்தையில் படுக்க வைக்கிற நாம் அந்த வேட்டையைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

சொல்லப்போனால் இந்த இனங்கள் நலிந்தது வேட்டை நின்றதால் மட்டுமில்லை. ராஜபாளையத்துக்குப் பால்வெள்ளை நிறமும் ரோஜா மூக்கும்தான் அழகு என்று அதற்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்ததால் செவிட்டுக் குட்டிகள் பெருகின. அல்சேஷனும் லாப்ரடாரும் வந்தபோது நாட்டு நாயைத் தெருவில் விட்டவர்களும் நாம்தான். இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நான்கும் பெயர் சொல்லி வந்தன. சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களுக்கென்று தனிப் புத்தகமே எழுதினார். கர்நாடகத்து முதோல் நாயை ராணுவம் மீரட்டில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. அந்த நாய்க்கு வேலை கொடுத்தது முயல் இல்லை. இதை ஏன் நம்மவர்கள் உதாரணமாகக் காட்டுவதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை.

அடுத்தது பருவம். தை மாத வேட்டை என்பது கரிசலுக்கும் மானாவாரிக்கும் பொருந்தும், அங்கே அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும். நாஞ்சில் நாட்டுக் கணக்கே வேறு. கன்னிப்பூ நெல்லைப் புரட்டாசிக்குள் அறுத்தாகிவிடும், அடுத்துக் கும்பப்பூ நட்டால் மாசியில்தான் அறுப்பு. மார்கழியும் தையும் பயிர் பொதி கட்டி நிற்கிற மாதங்கள். அந்த நேரத்தில் ஏழு நாயும் பத்து ஆளும் ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு தோவாளைப் பற்றுக்குள் இறங்கினால் பன்றி மிதித்தது எவ்வளவு, வேட்டைக்காரன் மிதித்தது எவ்வளவு என்று யார் அளப்பது? ஊரான் வேட்டையைக் கடன் வாங்கும்போது ஊரான் பஞ்சாங்கத்தையும் சேர்த்தல்லவா வாங்க வேண்டியிருக்கிறது!

சரி, நாய் சாகட்டும், பயிர் போகட்டும், பன்றியாவது ஒழியுமா? ஒழியாது. பன்றிக் கூட்டத்தை நடத்துவது மூத்த பெட்டை. எந்த வழியில் வருவது, எந்த ஓடையில் புரள்வது, எந்த விளையில் கிழங்கு முற்றியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். நாயை விட்டால் கூட்டம் சிதறும். மாட்டுவது பெரும்பாலும் குட்டியோ, நொண்டியோ, தனியாகத் திரியும் கிழட்டு ஆணோதான். பெட்டை தப்பிவிடுவாள். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டிக்குக் குறையாமல் போடுகிறவள் அவள். ஒரு கூட்டமாக ஒரு வழியில் வந்துகொண்டிருந்தது மூன்று கூட்டமாகப் பிரிந்து மூன்று ஊருக்குள் புகும். நாயால் விரட்டிய பன்றி அந்த இடத்தை விட்டு நகர்கிறது, எண்ணிக்கையில் குறைவதில்லை என்பதைப் பன்றித் தொல்லையில் நமக்கு மூத்தவர்களான அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கே வேளாண் துறையினர் இப்போது சொல்வது பெரிய பட்டிக்கூண்டு. முழுக் கூட்டமும் உள்ளே பழகி வந்தபிறகு ஒரே நேரத்தில் கதவை விழவைப்பது. அதற்குப் பொறுமை வேண்டும். காணொளி எடுக்க அதில் ஒன்றும் இல்லை.

நாய் அனுமதிச் சீட்டைப் படித்துவிட்டு ஓடாது என்பது இன்னொரு சங்கதி. பன்றிக்கென்று ஏவியது சருகுமானைக் கண்டால் நிற்குமா? அழுங்கு எதிர்ப்பட்டால் வணங்கிவிட்டு விலகுமா? மிளாக் குட்டி, உடும்பு, முள்ளம்பன்றி எல்லாம் இருக்கிற காடு இது. 402 சதுர கிலோமீட்டர் வன உயிரினச் சரணாலயம் ஒன்று நம் முதுகில் சாய்ந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்வது என்று மட்டும் பொருள் சொல்லவில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அதில் வேட்டைதான். முயல் கிடைக்கவில்லை, வெறுங்கையோடுதான் திரும்பினோம் என்பது வாதமே ஆகாது. ஜல்லிக்கட்டை இங்கே இழுப்பவர்களுக்கும் இதுதான் பதில். அந்தக் காளை தொழுவத்தில் பிறந்து, பெயர் வைத்து, தவிடும் பருத்திக்கொட்டையும் தின்று வளர்ந்தது. 2017-இல் திருத்தியது விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் அதைத்தான். காட்டு முயல் எந்தத் தொழுவத்தில் பிறந்தது? சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து ஊருக்குள் ஓடவிடும் வழக்கத்தை வனத்துறை அபராதம் போட்டு நிறுத்திவருகிறது. அதற்கும் பண்பாடு என்றுதான் பெயர் இருந்தது.

பண்பாடு என்று வந்துவிட்டதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாய்ப் பட்டாளத்தோடு குளிர்கால வேட்டை என்பது எந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டின் பண்பாடாக இருந்தது? வேட்டை என்ற சொல் நம்மிடம் நிறைய இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. விஜயதசமிக்குக் கன்னியாகுமரி பகவதி மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போகிறாள், அங்கே அவள் வதைப்பது பாணாசுரனை. பழைய திருவிதாங்கூர் முறைப்படித் திருவனந்தபுரத்தில் பள்ளிவேட்டை நடக்கும்போது அரச குடும்பத்து மூத்தவர் அம்பெய்வது ஓர் இளநீர்க் காயின் மேல். சுடலைமாடன் கொடையில் நடுச்சாமம் சாமி வேட்டைக்குப் போகும், அந்த நேரம் ஊரில் கதவு திறக்கக் கூடாது, குறுக்கே ஒருவரும் போகக் கூடாது. அந்த வேட்டை மயானத்துக்குப் போய்த் திரும்பும். இவற்றில் எதிலும் முயல் இல்லை, பன்றி இல்லை. மலையில் காணிக்காரர்களிடம் வேட்டை இருந்தது உண்மை. அது வயிற்றுக்காகச் செய்தது. அதே காணிக்காரர்கள் யானைக்கும் பன்றிக்கும் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டிக் காவல் இருந்தார்கள் என்பதைப் பண்பாட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

குமாரகோவிலைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்லும். அந்தக் கோவில் இருக்கும் வேளிமலைதான் வள்ளி பிறந்த மலை என்பது நம் ஊர் நம்பிக்கை. பங்குனித் திருக்கல்யாணத்தில் குறவர் படுகளம் இன்றும் நடக்கிறது. அந்தக் கதையில் வேட்டைக்காரனாக வந்தவன் யார்? வேலன். மானைத் தேடி வந்தேன் என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தான், கடைசிவரை ஒரு மானும் பிடிக்கவில்லை. தினைப்புனத்தைக் காத்தவள் யார்? பரண்மேல் நின்று கவண் சுழற்றி ஆலோலம் பாடிய வள்ளி. வேடனுக்குப் பெண் கிடைத்தாள், தினை பிழைத்தது காவல்காரியால். நம் மலையின் கதையே இப்படி இருக்கும்போது வேட்டைக்காரனை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினால் எப்படி?

நாய்ப் பட்டாள வேட்டை உண்மையில் வெள்ளைக்காரன் சொத்து. ஊட்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதற்கு ஒரு சங்கம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து நரிநாய்களைக் கப்பலில் கொண்டுவந்து, நரிக்குப் பதில் நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். அவர்களும் நாய் ஓட வெட்டவெளி வேண்டும் என்று ஏழாயிரம் அடி உயரத்து வென்லாக் புல்வெளியைத்தான் தேடிப் போனார்கள். அந்தப் புத்தி நமக்கு வேண்டாமா?

படித்த இளைஞர்கள் சிலர் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள். கொல்லாத வேட்டையாம். துணியில் வாசனையைத் தடவி ஒருவன் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடுவான், நாய்கள் அந்தத் தடத்தைப் பிடித்துப் பின்னால் ஓடும். உயிர்ப்பலி இல்லை, நாய்க்கும் உடற்பயிற்சி, சுற்றுலாவுக்கும் நல்லது. கேட்க இனிக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுவதைத் தடுக்கும் சட்டம் 2004-இல் நிறைவேறி 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு அங்கே பரவிய ஏற்பாடுதான் இந்தத் தட வேட்டை. இருபது வருஷமாக அதன்மேல் இருக்கும் புகார் ஒன்றே ஒன்று: தடம் என்று பெயர், கடைசியில் நாய் போய்ச் சேர்வது உண்மையான நரியிடம். "தற்செயல்" என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். சலித்துப்போன லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் தட வேட்டையையும் தடுப்போம் என்று எழுதிற்று. ஸ்காட்லாந்து அதற்கு முன்பே, 2023-இல், தன் சட்டத்தை இறுக்கிவிட்டது. அவர்கள் கழற்றிப்போடப் போகும் சட்டையை நாம் புதுத்துணி என்று வாங்கப் பார்க்கிறோம். அதிலும் தட வேட்டைக்கு வேண்டியது மூக்கு, நம் சிப்பிப்பாறைக்கு இருப்பது கண். மாட்டை வைத்துப் படகு ஓட்டுகிற யோசனை இது.

கண்ணால் ஓடும் நாய்க்கு ஓட்டம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கருப்பனைக் கட்டிப்போட்டே வளர்த்ததில் எனக்கும் குற்ற உணர்வு உண்டு. அறுவடை முடிந்த கரிசலில், மோட்டார் இழுக்கும் கயிற்றில் ஒரு துணிப் பொம்மையைக் கட்டி ஓடவிட்டால் போதும், சிப்பிப்பாறைக்கு அதுவே முயல். வேம்பக்கோட்டைப் பக்கம் அதைச் செய்யட்டும், பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன், கைதட்டுகிறேன். அதற்குக் குமரி மாவட்டத்துக் காட்டை ஏன் இழுக்க வேண்டும்?

நோயைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. குஜராத்தின் கிர் காட்டில் 2018-இல் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அங்கே கண்டுபிடிக்கப்பட்ட கிருமிகளில் ஒன்று டிஸ்டெம்பர், நாய்களிடம் சாதாரணமாகக் காணும் நோய். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-இல் அதே நோய் மூன்றில் ஒரு பங்கு சிங்கத்தைக் கொண்டுபோயிற்று. நம் மலையில் சிங்கம் இல்லை, செந்நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. பன்றியைத் தின்பது அவைதானே? பன்றியைக் குறைக்க நாயை விட்டுப் பன்றி தின்னியைக் கொன்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது? போதாததற்கு 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்தன. மனுஷனுக்கு அது வராது, வீட்டுப் பன்றிக்கு வரும். அடித்த பன்றியைக் கூறுபோட்டுச் சாக்கில் கட்டி ஊருக்குள் கொண்டுவருகிறவன் பன்றிப்பண்ணை வைத்துப் பிழைக்கிற பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி நினைத்திருப்பானா?

எதிர்த்தரப்பில் எனக்கு நெஞ்சைத் தொடுகிற வாதம் ஒன்று உண்டு. அவுட்டுக்காயைவிட நாய் மேல் இல்லையா என்பது அது. 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதறிய கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை யாரும் மறக்க முடியாது. மின்கம்பி வேலியில் பன்றிக்கு வைத்ததில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். ஆனால் அவுட்டுக்காய் வைக்கிறவன் நாய்க்கு அனுமதி கிடைத்தால் அதை விட்டுவிடுவான் என்று யார் சொன்னது? இரண்டையும் செய்வான். நாய் விரட்டி வரும் வழியில் காயை வைப்பான். குற்றம் ஒன்று இருக்கிறது என்பதற்காக அதைவிடச் சிறிய குற்றத்துக்கு உரிமம் கேட்க முடியாது.

அரசும் சும்மா இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வரையறை வைத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கொங்கு நாட்டுக்கு இது கொஞ்சம் பொருந்தும். கடையாலுக்கும் பேச்சிப்பாறைக்கும் கீரிப்பாறைக்கும் தடிக்காரன்கோணத்துக்கும் எப்படிப் பொருந்தும்? இங்கே முதல் வாழையே காட்டின் நிழலில்தான் நிற்கிறது. 3 கிலோமீட்டர் நடந்தால் பாதிப் பேருக்கு அடுத்த பஞ்சாயத்து வந்துவிடும். பக்கத்துக் கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரை வைத்துச் சுடலாம், விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்றார்கள். இவ்வளவு இறங்கி வந்த பிறகும் அங்கே பன்றிப் புகார் ஓயவில்லை. நாம் சண்டை போட வேண்டிய இடம் இதுதான்: அடிவாரத்துக்கென்று தனி விதி, வேலிக்கு மானியம், பட்டிக்கூண்டு, அலைக்கழிக்காமல் கைக்கு வரும் இழப்பீடு. அந்தச் சண்டைக்குக் கூட வேண்டிய பத்துப் பேரும் நாய் விலை விசாரித்துக்கொண்டிருந்தால் அதிகாரிக்குத்தான் நிம்மதி.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடிவாரத்தில் வரிசையாக இருக்கிற ஆறு விளைக்காரர்கள் முறை வைத்துக் காவல் இருக்கிறோம். எல்லையில் பழைய சேலையைக் கட்டியிருக்கிறோம். ஒருவன் தனியாகக் காத்தால் பன்றி அடுத்தவன் விளைக்குப் போகும், நாய் வேட்டைக்குச் சொன்ன அதே குறை காவலுக்கும் உண்டு. அதனால்தான் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் விளக்கும் சத்தமும் வேண்டியிருக்கிறது. அப்போது கூட்டம் சிதறாமல் வந்த வழியே மேலே ஏறிவிடுகிறது. மூன்றாம் நாள் மறுபடி வரும். சேலைக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும், இடத்தை மாற்றிக் கட்ட வேண்டும். மழைநாளில் யாராவது ஒருவர் தூங்கிவிடுவார், அன்றைக்கு இருபது மூடு போகும். நஷ்டம் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாற்பது இருபதாகியிருக்கிறது.

காவலில் எங்களுக்கு உண்மையான துணை ஒரு தெருநாய். மணி என்று கூப்பிட்டால் மணி, சீ என்றால் சீ. ஒரு காது மடங்கியிருக்கும், வால் பாதிதான் உண்டு. நாங்கள் தின்று மிச்சம் வைத்த கிழங்கும் மத்திக் குழம்பும்தான் அவன் சம்பளம். ஓடையில் சருகு அசைந்தால் முதலில் மடங்காத காது எழும்பும். பிறகு தொண்டைக்குள் ஓர் உறுமல். பிறகு ஊரையே எழுப்பும் குரைப்பு. எங்கள் காவல் மாடத்தின் காலை விட்டு ஓரடி நகரமாட்டான், அவ்வளவு கோழை. பன்றி உர்ரென்று ஒரு சத்தம் போட்டுத் திரும்பும்.

சாயாக்கடையில் கைப்பேசி காட்டியவரும் எங்கள் வரிசைக்காரர்தான், செவ்வாய்க்கிழமை அவர் முறை. தை கடைசியில் சொன்னபடியே ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கி வந்துவிட்டார். மான்குட்டி மாதிரி இருந்தது, கையை வைத்தால் விலா எண்ணலாம். அன்று ராத்திரி அவரோடு நானும் மாடத்தில் இருந்தேன். ஒரு மணி சுமாருக்குப் பன்றி வந்தது. மணி குரைத்தான், நாங்கள் விளக்கடித்தோம், அந்தக் கடைசியில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள், கூட்டம் ஏறிப் போயிற்று. சிப்பிப்பாறை சாக்குக்குள் சுருண்டு படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதன் தலையைத் தடவிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டார்: "இது குரைக்கவே குரைக்காதா வே?"